டிக் என்று நின்றுவிடும் சி.இசட்-52, கைக்கு வரப்போகும் பி-38

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் தன் சேகரிப்பின் முதல் பிஸ்டலாக, செக்கோஸ்லோவாக்கிய ராணுவம் கழித்துவிட்ட சி.இசட்-52 ஒன்றை உரிமத்தோடு வாங்கியிருக்கிறார். கெட்டி கிரீஸில் முக்கியெடுத்தது போல வந்து சேர்ந்தது. சுடுதளத்தில் பத்துத் தோட்டாவுக்கு இரண்டு மூன்று வெடிக்காமல் ‘டிக்’ என்று நின்றுவிடுகின்றன. சில சமயம் இரண்டாவது தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகாமல் சிக்குகிறது. ஃபயரிங் பின்னை (தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்கவைக்கும் ஊசி) மாற்றலாமா, ஸ்பிரிங்கை இழுத்து நீட்டலாமா, மங்கிப்போன மேற்பூச்சைப் புதிதாகப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார். கூடவே, பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் ஒத்துப்போவதாகச் சொல்லி ஒருவர் காட்டும் வால்தர் பி-38-ஐ, அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பிஸ்டலை, வாங்கலாமா என்றும்.

பின்னை மாற்றுங்கள். ஸ்பிரிங்கை நீட்டாதீர்கள். பூச்சில் கை வைக்காதீர்கள். பி-38-ஐப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அவசரக்காரர்களுக்கு இது போதும். காரணம் வேண்டும் என்பவர்களுக்கு மீதி.

முதலில் அந்த கிரீஸ். காஸ்மோலின் என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தப் பழுப்பு மெழுகு, பிஸ்டலைப் பல பத்தாண்டுகள் துருவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வெளியே துடைத்துவிட்டு ‘சுத்தமாகிவிட்டது’ என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்லைடுக்குள் (சுடும்போது பின்னால் போய் வரும் மேற்பகுதி) ஃபயரிங் பின் ஓடும் குழாய், காலித் தோட்டாவை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் உள்ள இடுக்கு, மேகசின் ஸ்பிரிங்கின் சுருள்கள், இந்த மூன்று இடத்திலும் அது இறுகிப்போய்க் கிடக்கும். ஃபயரிங் பின் அந்தச் சேற்றில் நீந்திப் போய், தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைப்பு மூடியான பிரைமரைத் தொடுவதற்குள் வேகம் செத்துவிடும். ‘டிக்’ சத்தத்துக்கு முதல் சந்தேக நபர் இதுதான். பிடிகளைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, இரும்புப் பாகங்களை மினரல் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அடுத்த நாள் பல் துலக்கும் பிரஷ்ஷும் பஞ்சு சுற்றிய குச்சியும் போதும். ஃபயரிங் பின் குழாயில் விட்ட குச்சி வெள்ளையாக வெளியே வரும்வரை விடக்கூடாது. அதற்குள் எண்ணெய் ஊற்றவும் கூடாது. அங்கே எண்ணெய் தூசியைப் பிடித்து மறுபடி பசையாகிவிடும்.

இதைச் செய்து முடித்த பிறகும் ‘டிக்’ நின்றால், வெடிக்காத தோட்டாவையே விசாரிக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம்: வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதீர்கள். குழலைச் சுடும் திசையிலேயே வைத்து முப்பது நொடியாவது பொறுங்கள். பழைய தோட்டாக்களில் தாமதமாக வெடிப்பது கட்டுக்கதை இல்லை. அப்புறம் எடுத்து, பிரைமரில் பின் பதித்த குழியைப் பாருங்கள். குழி ஆழமாக, நடுவில் இருந்தால் பிஸ்டல் தன் வேலையைச் செய்துவிட்டது, குற்றம் தோட்டாவினுடையது. குழி மேலோட்டமாக இருந்தால் ஃபயரிங் பின், அதை அடிக்கும் சுத்தியலான ஹேமரின் ஸ்பிரிங், மிச்சமிருக்கும் அழுக்கு, இவற்றில் ஒன்று. பிரைமர் முழுதாக அடியில் பதியாமல் இருந்தாலும் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகும். அப்படிப்பட்ட தோட்டா இரண்டாவது அடிக்கு வெடித்துவிடும். சோதனைக்குப் புதிய தொழிற்சாலைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஐம்பதுகளில் செய்த தோட்டாவை வைத்துக்கொண்டு பிஸ்டலுக்கு நோய் கண்டுபிடிக்க முடியாது.

சி.இசட்-52-ன் ஃபயரிங் பின்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த பிஸ்டலை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். தொழிற்சாலைப் பின் வார்ப்பில் செய்தது, எளிதில் நொறுங்கும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்து விளையாடினால் ஒருநாள் முனை உடைந்து உள்ளேயே கிடக்கும். என்னுடைய முதல் சி.இசட்-52-ன் பின்னை வீட்டுக்கு வந்த ஒருவர் மூன்றே இழுப்பில் உடைத்துக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ‘விசை எப்படி இருக்கிறது, இழுத்துப் பாருங்கள்’ என்று நீட்டியவன் நான்தான். எஃகுக் கம்பியிலிருந்து கடைந்த மாற்றுப் பின்கள் கிடைக்கின்றன. அதைப் போட்டுவிட்டு, பழையதை ஒரு சிறு உறையில் போட்டு பிஸ்டலோடு பத்திரமாக வையுங்கள். பின்னால் இதை வாங்கப்போகும் சேகரிப்பாளருக்கு அந்த உறை முக்கியம்.

இதே பிஸ்டலின் இன்னொரு வில்லங்கம் அதன் டிகாக்கர். ஹேமரைப் பாதுகாப்பாகக் கீழே இறக்குவதற்கென்று சேஃப்டி நெம்புகோலிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. புதிதாக இருந்தபோது அது சரியாகவே இருந்திருக்கும். தேய்ந்துபோன சில பிஸ்டல்களில், அறையில் தோட்டா இருக்கும்போது அதைத் தள்ளினால் தோட்டா வெடித்திருக்கிறது. எனவே நிஜத் தோட்டாவோடு அதைப் பயன்படுத்தவே வேண்டாம். மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து அறையைக் காலி செய்து, கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு ஹேமரை இறக்குங்கள்.

இதைச் சோதிக்க ஒரு பழைய வித்தை உண்டு. அறை காலி என்று இரண்டு முறை உறுதி செய்துவிட்டு, ஹேமரை ஏற்றி, குழலை மேல்நோக்கிப் பிடித்து, அழிப்பான் வைத்த பென்சில் ஒன்றை அழிப்பான் பக்கம் கீழே போகும்படி குழலுக்குள் விடுங்கள். டிகாக்கரைத் தள்ளுங்கள். பென்சில் அசையவே கூடாது. கொஞ்சம் துள்ளினாலும் பின் தொட்டுவிட்டது என்று அர்த்தம். விசையை இழுத்தால் பென்சில் நன்றாக எம்பி வெளியே வர வேண்டும், சோம்பலாக எம்பினால் அடி பலவீனம். புதுப் பின் போட்ட பிறகு இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள், வார்ப்புப் பின்னோடு வேண்டாம். பி-38-க்கும் இதே சோதனை பொருந்தும். அதன் சேஃப்டியும் ஹேமரை இறக்கும் வகைதான், அதிலும் தேய்மானம் உண்டு.

இனி மூக்கைத் தூக்கிச் சிக்கும் தோட்டா. பிஸ்டலைத் தொடாதீர்கள். மேகசினை மாற்றிப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுக் கோளாறு மேகசினில்தான் என்பது என் அனுபவம். பழைய மேகசினில் தோட்டாவைப் பிடிக்கும் உதடுகள் விரிந்திருக்கும், அல்லது எப்போதோ கீழே விழுந்து ஒன்று உள்பக்கம் வளைந்திருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கடைசி இரண்டு தோட்டா மட்டும் சிக்கும். உதடு கெட்டிருந்தால் எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரி சிக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் மேகசின்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டுத்தாளில் எண் போட்டிருக்கிறேன், எது வம்பு செய்கிறது என்று தெரியும். எண் எழுத வேண்டும் என்று ஒரிஜினல் மேகசினைக் கீறிவிடாதீர்கள்.

மேகசின் மாற்றியும் சிக்கினால் தோட்டாவின் வடிவத்தைப் பாருங்கள். இந்தத் துப்பாக்கிகள் உருண்டை மூக்கும் முழு உலோக உறையும் கொண்ட ராணுவத் தோட்டாவுக்காகச் செய்தவை. மூக்கில் குழி வைத்த தோட்டா இவற்றில் சிக்கினால் அது பழுதே அல்ல. அதற்கும் பிறகுதான், ஸ்லைடை மறுபடி முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங். ஸ்லைடு முழுதாக முன்னே போகாமல் ஒரு மயிரிழை நின்றால், அல்லது காலித் தோட்டா ஏழெட்டு மீட்டர் தாண்டிப் பறந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. நீட்டினால் ஒருநாள் வேலை செய்யும், பத்தாவது சுடுதலில் பழைய நிலைக்கே வந்து நிற்கும். புது ஸ்பிரிங்கின் விலை அற்பம். அதற்காக ‘இருப்பதிலேயே கனமானது’ என்று வாங்கிப் போடவும் வேண்டாம். அளவுக்கு மீறிய ஸ்பிரிங் ஸ்லைடை முழுதாகப் பின்னால் போகவிடாது. பிறகு காலித் தோட்டா வாயிலிலேயே நிற்கும், உங்களுக்குப் புதிதாக ஒரு கோளாறு முளைக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு பழைய பேச்சையும் கிள்ளிவிடுகிறேன். சி.இசட்-52 உருளைகளால் பூட்டும் அமைப்பு கொண்டது, எம்.ஜி-42 இயந்திரத் துப்பாக்கியில் இருந்த யோசனையின் உறவு. இதை வைத்து ‘சோவியத் டோக்கரெவ் பிஸ்டலைவிட இது பல மடங்கு பலமானது, எவ்வளவு சூடான தோட்டாவும் தாங்கும்’ என்று பலர் சொல்வார்கள். உருளைகள் உட்கார இடம் வெட்டியதால் அதன் குழலில் அறையின் சுவர் அந்த இடத்தில் மெலிந்துதான் இருக்கிறது. அந்தப் பேச்சை நம்பி வழக்கத்தைவிட அதிக மருந்து அடைத்த தோட்டாவைப் போடாதீர்கள். இதன் தோட்டா 7.62×25 டோக்கரெவ். பழைய ஜெர்மன் பிஸ்டலான மவுசர் சி-96-ன் 7.63 தோட்டா பார்வைக்கு இதேதான், ஆனால் அழுத்தம் குறைவு. இரண்டையும் மாற்றிப் போட்டு அந்த அருமையான பழைய மவுசர்களைக் கெடுத்தவர்கள் உண்டு. ஒன்பது மில்லிமீட்டரிலும் இதே குழப்பம்தான். 9×17, 9×18 மக்கரோவ், 9×19 என்று மூன்று இருக்கின்றன. மக்கரோவின் குண்டு விட்டம் சுமார் 9.27 மில்லிமீட்டர், மற்ற இரண்டும் 9.02-க்குப் பக்கத்தில். பெயரை நம்பாமல் குழலில் பொறித்ததைப் படியுங்கள்.

கிழக்கு ஐரோப்பாவின் பழைய 7.62×25 தோட்டாக்களில் பெரும்பாலானவை அரிக்கும் பிரைமர் கொண்டவை. அதில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்த பிறகு பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். சமையல் உப்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலைச் சிவக்கவைத்துவிடும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, மூடி மட்டும் வைக்கும். கரைப்பது தண்ணீர். சுட்ட அன்றே குழல், ஸ்லைடின் முகப்பு, மேகசினின் மேல்பகுதி எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் பூசுங்கள். பெட்டியில் ‘அரிக்காதது’ என்று எழுதியிருந்தாலும் ராணுவத் தோட்டா என்றால் நான் கழுவியே வைப்பேன்.

பூச்சு விஷயம். சி.இசட்-52 ஸ்ட்ராகோனிட்ஸ் நகரில் 1952 முதல் 1954 வரை சுமார் இரண்டு லட்சம் அளவில் செய்யப்பட்டது. 1982-ல் புது பிஸ்டல் வரும்வரை ராணுவத்தில் இருந்தது. இடையில் நிறைய பிஸ்டல்கள் ராணுவப் பட்டறைக்குப் போய்ச் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சோடு திரும்பின. உங்களுடையது மங்கலாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்த மங்கலும் அதன் வரலாறுதான். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பொறிப்புகளின் கூர்மை போய்விடும், ஓரங்கள் உருண்டுவிடும், சேகரிப்பாளர் கண்ணில் பாதி விலை அங்கேயே இறங்கிவிடும். துரு இருந்தால் மட்டும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சை, நான்கு சுழி ரகம் என்று கேட்டு வாங்கி, எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தடவி எடுங்கள். முதலில் பிடிக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் முயன்று பாருங்கள். துரு போன இடத்தில் குழி இருந்தால் இருக்கட்டும். ஸ்க்ரூக்களுக்குப் பொருத்தமான முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் கழற்றுவதையே ஒத்திப்போடுங்கள். தலை கிழிந்த ஸ்க்ரூ எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

உங்கள் கையில் எதைச் சரிசெய்யலாம், எதைக் கூடாது? சுத்தம் செய்வது, ஸ்பிரிங், பின், மேகசின், பிடிகள், இவை உங்கள் வேலை. ஹேமரும், விசையை இழுக்கும்வரை அதைப் பிடித்து நிறுத்தும் சியரும் பிடித்துக்கொள்ளும் விளிம்பு உங்கள் வேலை இல்லை. விசை கனமாக இருக்கிறதென்று அங்கே அரம் வைப்பவர்கள் ஒரு பிஸ்டலைக் கெடுப்பதோடு நிற்காமல் தங்களையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள். ஒரே இழுப்புக்கு இரண்டு வெடித்தால், அல்லது ஏற்றிய ஹேமர் கட்டைவிரலால் தள்ளினாலே விழுந்தால், மேகசினை எடுத்துக் காலி செய்துவிட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் கொண்டுபோங்கள். அது வீட்டு மேசையில் தீரும் விஷயம் இல்லை. போலந்தின் பி-64 போன்றவற்றில் முதல் இழுப்பு கல்லைத் தூக்குவது போலத்தான் இருக்கும். அங்கேகூட தீர்வு சற்று லேசான ஹேமர் ஸ்பிரிங்தான், அரம் இல்லை.

சரி, பி-38. தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல் பார்க்கக் கூடாது, இது காசு கொடுத்து வாங்கும் மாடு. ‘எண்கள் ஒத்துப்போகின்றன’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று விற்பவரிடம் கேளுங்கள். ஸ்லைடிலும் ஃபிரேமிலும் (பிடியோடு சேர்ந்த கீழ்ச்சட்டம்) ஒத்துப்போனால் போதாது, குழலிலும் அதே எண் இருக்க வேண்டும், குழலுக்கு அடியில் தொங்கும் பூட்டுக்கட்டையையும் பார்க்க வேண்டும். அதற்கு பிஸ்டலைப் பிரித்தாக வேண்டும். பிரிக்க விடமாட்டேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பிரிக்காமல் வாங்கி, வீட்டில் பிரித்தபோது குழலில் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறித்த தடம் கண்டேன். தேய்த்த இடம் லேசாகப் பள்ளமாக, சுற்றியுள்ள பரப்பைவிடப் பளபளப்பாக இருந்தது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

போர்க்காலத்தில் மூன்று நிறுவனங்கள் இந்த பி-38-ஐச் செய்தன. வால்தரின் குறி ‘ஏ.சி’, மவுசரின் குறி ‘பி.ஒய்.எஃப்’, ஷ்ப்ரேவெர்க்கின் குறி ‘சி.ஒய்.க்யூ’. ராணுவம் ஏற்றுக்கொண்டதற்கான கழுகு முத்திரையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்: வால்தரில் 359, மவுசரில் 135, ஷ்ப்ரேவெர்க்கில் 88. சி.ஒய்.க்யூ குறியுள்ள பிஸ்டலில் 88 இல்லாமல் 359 இருந்தால் பாகம் மாறியிருக்கிறது. ஷ்ப்ரேவெர்க் தன் பிஸ்டல்களில் ஆண்டு பொறிப்பதில்லை. எனவே சி.ஒய்.க்யூ-வோடு ஆண்டும் பொறித்த ஒன்றைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். கடைசிக் கட்டத் தயாரிப்பில் கடைசல் கோடுகள் அப்படியே தெரியும், கரடுமுரடாக இருக்கும். அது குறை இல்லை, அவசரத்தின் அடையாளம். மாறாக, போர்க்கால பிஸ்டல் கண்ணாடி போல மின்னினால்தான் யோசிக்க வேண்டும்.

சோவியத் படை கைப்பற்றி, கிடங்கில் வைத்து, பின்னால் விற்றவையும் நிறைய உண்டு. மொத்தமாகப் பிரித்துக் கலந்து பூட்டியவை. எல்லாப் பாகமும் ஒரே கறுப்பில் முக்கியெடுத்தது போலிருக்கும், எண்களை மின்ஊசியால் கிறுக்கியிருப்பார்கள், சிலவற்றில் எக்ஸ் குறி இருக்கும். சுடுவதற்கு நல்லவை, விலையும் குறைவு. அதை ‘எல்லாம் ஒரிஜினல்’ விலைக்குக் கொடுப்பதுதான் மோசடி.

பிரித்தபின் பார்க்க வேண்டியவை: பூட்டுக்கட்டையின் இரு காதுகளிலும் விரிசல், ஸ்லைடில் அந்தக் காதுகள் பதியும் வெட்டின் மூலைகளில் மயிரிழைக் கோடு. நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் கொண்டு போங்கள். குழலுக்குள் ஒரு மோதிரம் போல நிழல் தெரிந்தால், எப்போதோ அடைப்போடு சுட்டு உப்பியிருக்கிறது, வேண்டாம். ஸ்லைடின் மேலே உள்ள தகட்டு மூடி ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும். தளர்ந்திருந்தால் சுடும்போது பின்குறியையும் இழுத்துக்கொண்டு பறக்கும், மூஞ்சி பக்கம் வரும். பிடிகளைக் கழற்றுங்கள். வியர்வை குடித்த இரும்பு அங்கேதான் குழிந்திருக்கும், விற்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கவே மாட்டார்கள். இன்னொன்று, பி-38 காலித் தோட்டாவை இடப்பக்கம் தள்ளும். அதைக் கோளாறு என்று திருப்பிக் கொடுத்தவர்கள்கூட இருக்கிறார்கள்.

உங்கள் நோக்கம் சுடுவது என்றால், போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி செய்த பி-1 என்ற அலுமினியக் கலவை ஃபிரேம் கொண்ட பதிப்பைப் பாருங்கள். அதிலும் பின்னாளில் வந்தவற்றில் பூட்டு அடிபடும் இடத்தில் ஃபிரேமுக்குக் குறுக்கே ஓர் அறுகோண எஃகுக் கம்பி வைத்து பலப்படுத்தினார்கள். கம்பி உள்ளதையே எடுங்கள். போர்க்கால பி-38-ஐ அலமாரியில் வைத்துவிட்டு இதைச் சுடுங்கள்.

எந்த நாட்டில் இருந்தாலும் உரிமமும் பதிவும் உங்கள் பொறுப்பு. சில இடங்களில் சேகரிப்பாளருக்குத் தனி உரிமம் உண்டு, சில இடங்களில் செயலிழக்கச் செய்ததை மட்டுமே வைத்திருக்க முடியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் அல்ல.

அந்த பி-38-ஓடு பழைய தோல் உறையும் சேர்த்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உறைக்கும் மதிப்பு உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பிஸ்டலை அதற்குள் வைக்காதீர்கள். தோல் பதனிட்ட அமிலமும் அது குடித்த ஈரமும் சேர்ந்து, உறையின் தையல் வடிவத்தையே ஸ்லைடில் துருவாக வரைந்துவிடும். பிஸ்டலைத் தனியாக, எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டி வையுங்கள். பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.